வக்கீல் சாரின் சிவப்புக் காருக்கு டயர் தேடிய கோடை

போன வாரம் நம்ம டயர் கடைப்பக்கம் வந்திருந்தேன். நான் யாரென்று தெரியாமல், அங்கே வேலை பார்க்கும் உங்களில் ஒரு தம்பி என்னிடமே டயர் விற்கப் பார்த்தார். "சார், இது சம்மர் பெர்ஃபார்மன்ஸ் டயர். ஸ்போர்ட்ஸ் காருக்குன்னே வந்தது." அழகாகத்தான் சொன்னார். சம்மர் என்றால் எந்த ஊர் சம்மர் தம்பி என்று கேட்டேன். சிரித்தார். கஸ்டமர் எதைக் கேட்டாலும் அதை எடுத்துக் கொடு, கேள்வி கேட்காதே என்றுதான் உங்களுக்குப் பாடம் நடத்துகிறார்களாம். மானேஜர் சொன்னார். எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைப் பார்த்தபடி இருந்த டயர் கடையில் நான் கவுண்டரில் இருந்தேன். முதலாளி நாயுடு. நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். அந்தச் சமயத்தில் பயப்படக் காரணமும் இருந்தது. கடையைக் காலி பண்ணச் சொல்லி இடத்துக்காரர் கேஸ் போட்டிருந்தார். முதலாளிக்காக அந்தக் கேஸை நடத்தியவர் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர். அவர் வாயைத் திறந்தால் எதிர்த்தரப்பு வாயை மூடிக்கொள்ளும் என்று பெயர். அவர் கடைக்கு வந்தால் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்.

அந்த வக்கீல் சார் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்து ஆபீசர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சிவப்பு டூ-சீட்டர். துணிக்கூரை. கம்பி வீல். கையை வெளியே தொங்கவிட்டால் ரோட்டைத் தொடலாம். பஞ்சகச்சத்தில் இருந்தாலும் சரி, கறுப்புக் கோட்டில் இருந்தாலும் சரி, அவர் அதற்குள் இறங்குவது கிணற்றில் இறங்குவது மாதிரி இருக்கும். லஸ் பக்கம் அந்த வண்டி போனால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். அதில் அவருக்குக் கொள்ளை ஆசை.

வண்டி சரி. டயர்தான் தேய்ந்து, ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் தெரிந்தது. மாற்ற வேண்டும் என்று வந்தார். கையில் ஒரு வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகை.

"பாய், இதுல தெளிவா போட்டிருக்கான். இந்த மாதிரி வண்டிக்குக் கோடைக்குன்னு தனியா ஸ்போர்ட்ஸ் டயர் இருக்காம். ரப்பர் மிருதுவா இருக்கும். வளைவுல ரோட்டைப் பிடிச்சுக்கும். எனக்கு அதுதான் வேணும்."

"சார், அது இங்கே கிடைக்காது. இறக்குமதிக்கு வழியில்லை."

"கிடைக்காதுங்கறது வேற. வேண்டாங்கறது வேற. நீங்க எதைச் சொல்றேள்?"

இப்படித்தான் ஆரம்பித்தது. நம்மிடம் அந்த ரிம்முக்குப் பொருந்துகிற உள்ளூர் டயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்பாசடர்காரர்கள் போடுவது. அவர் வண்டிக்குக் கொஞ்சம் பெரிசுதான், ஆனால் எங்கும் உரசாது. நம்ம வெயிலைத் தாங்கும். மழையிலும் மோசம் பண்ணாது. அதை எடுத்து முன்னால் வைத்தேன். செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டாக்சிக்காரன் போடற டயரை என் வண்டிக்குப் போடச் சொல்றேளா?"

"டாக்சி நாள் பூரா ஓடுது சார். அதுக்கே தாங்குதுன்னா..."

"நான் டாக்சி ஓட்டலை."

போய்விட்டார். இரண்டு நாளில் திரும்ப வந்தார். திரும்பவும் அதே பத்திரிகை, அதே பக்கம். நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். சார், அந்தப் பத்திரிகைக்காரனுக்குக் கோடை என்றால் நமக்கு மார்கழி. அவன் ஊரில் பனி கொட்டுகிற காலத்துக்கு ஒரு டயர், பனி இல்லாத காலத்துக்கு ஒரு டயர். அந்தப் பனி இல்லாத காலத்தைத்தான் அவன் கோடை என்கிறான். நம்ம சித்திரை வெயிலில் மவுண்ட் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை அவன் கனவிலும் கண்டிருக்க மாட்டான். கேட்டார். தலையாட்டினார். "ஒத்துக்கறேன். ஆனாலும் மிருதுவான ரப்பர் ரோட்டைப் பிடிக்குமா பிடிக்காதா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ" என்றார். பிடிக்கும் என்றேன். "அப்போ வாதம் முடிஞ்சுது" என்றார்.

இந்த ஆமாம்-இல்லையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். டயர் விஷயத்தில் எந்த உண்மையும் ஆமாம்-இல்லைக்குள் அடங்காது. அந்த ரப்பர் புதிதாக இருந்தால் ரோட்டைப் பிடிக்கும். பழசாகிவிட்டால் கல். சொல்ல விட்டால்தானே.

பங்குனி முழுக்க இப்படியே போனது. வக்கீல் சார் வருவார், நாயுடு எழுந்து நிற்பார், நான் வாய் வலிக்கப் பேசுவேன், அவர் சிரித்துக்கொண்டே போவார். பிறகு கொஞ்ச நாள் வரவில்லை. அப்பாடா என்றிருந்தேன்.

கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டதும் ஒரு நாள் உச்சி வெயிலில் வந்து நின்றார். வண்டியின் நாலு சக்கரத்திலும் புத்தம்புது வெளிநாட்டு டயர். பளபளவென்று கறுப்பு. துறைமுகப் பக்கத்துத் தரகர் ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தாராம். பத்திரிகையில் போட்ட அதே டயர்.

"கிடைக்காதுன்னேளே பாய். இப்போ என்ன சொல்றேள்? காத்து மட்டும் பார்த்து விடுங்கோ. மகாபலிபுரம் போயிண்டிருக்கோம்."

பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றிச் சேலைத் தலைப்பை இறுக்கிக் கட்டியிருந்தார். மடியில் ஒரு டிபன் டப்பா. முகத்தில் சந்தோஷமும் இல்லை, சங்கடமும் இல்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஃபிட்டர் தணிகாசலம் காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தான். நான் அவனோடு குனிந்து டயரைப் பார்த்தேன். மேல் ரப்பரில் பூனை மீசை மாதிரி மெல்லிய இழைகள் அப்படியே இருந்தன. ஒரு மைல்கூட ஓடாத டயர் என்று அர்த்தம். ஆனால் அந்தப் பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோலில் நனைத்த துணியால் பின் டயரின் பக்கவாட்டைத் துடைத்தேன். கறுப்பு மை துணியோடு வந்தது. அடியில் சாம்பல் நிறம். அதில் ரிம்மை ஒட்டி மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். மிருதுவான ரப்பர் என்றால் நகம் பதிய வேண்டும். பதியவில்லை. ஓடாத டயர்தான். ஆனால் எத்தனையோ வருஷம் ஏதோ தகரக் கொட்டகையில் வெந்து கிடந்த டயர்.

"சார், இந்த டயரோட போகாதீங்க."

"ஆரம்பிச்சுட்டேளா?"

வெடிப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "தோல்ல சுருக்கம் விழுந்தா ஆள் செத்துடுவானா பாய்? எனக்குந்தான் சுருக்கம் விழுந்திருக்கு."

"வெயில்ல வேகமாப் போனா வெடிக்கலாம் சார். பின் டயர் வெடிச்சா வண்டி சுத்திடும். மேலே கூரை வேற மடக்கி வெச்சிருக்கீங்க."

"வெடிக்கும்ங்கறேளா, வெடிக்கலாம்ங்கறேளா?"

"வெடிக்கலாம்."

"லாம்" என்றார். அந்த இரண்டெழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி என் தோளைத் தொட்டு ஓரமாக இழுத்தார்.

"ஏன் நைனா, அவர் காசு, அவர் வண்டி. நீ எதுக்கு நடுவுல? கேஸு எந்த நெலமைல இருக்குன்னு தெரியும்ல உனக்கு? காத்த புடிச்சு அனுப்பி வை."

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். பின்னால் முதலாளி. அவருடைய கடை அந்த வக்கீலின் நாக்கில் இருந்தது. என் வீட்டு அடுப்பு அந்தக் கடையில் இருந்தது. முன்னால் எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுகிற மனுஷர். என் கையில் இருந்தது ஒரு 'லாம்'. நிஜமாகவே எனக்குத் தெரியாது. அந்த டயர் மகாபலிபுரம் போய்த் திரும்பி வந்து இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கலாம். அடையாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் பிய்ந்திருக்கவும் கூடும். எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுக்க யார் வேண்டுமானாலும் வருவார்கள். தெரியாதபோது என்ன செய்வது என்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

வக்கீல் சார் வண்டியில் இறங்கி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். நான் பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வால்வு மூடியைக் கழற்றி, அதன் தலையைக் கொண்டே உள்ளே இருக்கும் ஊசியைத் திருகி எடுத்துவிட்டேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. வண்டியின் ஒரு பக்கம் மெதுவாக இறங்கியது.

தணிகாசலம் வாயைப் பிளந்தான். "பாய், இன்னா பண்ணிக்கினு கீற நீ?"

ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வக்கீல் சார் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து தட்டையாகக் கிடந்த டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "என் சொத்துக்குச் சேதம் பண்ணியிருக்கேள். அது தெரியுமா?"

"தெரியும் சார்."

"நாயுடு, ஸ்டெப்னியைப் போடச் சொல்லும்."

முதலாளி கையைக் காட்ட, தணிகாசலம் ஸ்டெப்னியை எடுத்தான். அது பழைய டயர், நூல் தெரிகிற டயர். அதைப் போட்டாலும் மற்ற மூன்றும் அதே வெந்த டயர்கள்தானே. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நாலு ஊசியையும் பிடுங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது அந்த அம்மா கதவைத் திறந்து, டிபன் டப்பாவோடு மெதுவாக வெளியே வந்தார். நேரே கடைக்குள் போய் ஃபேனுக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாய், இங்க வாங்கோ. நெஜமாச் சொல்லுங்கோ. உங்காத்து மனுஷாளை இந்த வண்டியில ஏத்தி அனுப்புவேளா?"

"மாட்டேன்மா."

"சரி."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வக்கீல் சார் விடுவாரா? டயரைக் கழற்றச் சொன்னார். உள்ளே எங்கே கெட்டிருக்கிறது என்று காட்டு என்றார். தணிகாசலம் கழற்றினான். டியூபை எடுத்துவிட்டு டயரை வெயிலில் விரித்துப் பார்த்தோம். உள்பக்கத்து நூல் சுத்தமாக இருந்தது. வீக்கம் இல்லை. பிரிவு இல்லை. கையை விட்டுச் சுற்றிலும் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எங்கே பாய்?" என்றார்.

அந்த நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. மவுண்ட் ரோட்டில் பஸ் போகிறது, சைக்கிள் போகிறது. நான் டயருக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இதோ இந்த இடம் லேசாகத் தூக்கியிருக்கிறது பாருங்கள் என்றால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? நாக்கு வரை வந்தது. ஆனால் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால், அப்புறம் நான் சொல்கிற எந்த டயர் நிஜம், எந்த டயர் பொய் என்று எனக்கே மறந்துவிடும்.

"உள்ளே ஒண்ணும் தெரியலை சார். வெடிக்கும்னு என்னால நிரூபிக்க முடியாது. வெடிக்காதுன்னு சொல்லவும் வாய் வரலை."

அவர் நாயுடு பக்கம் திரும்பினார். கேஸில் ஜெயித்த முகம். "கேட்டுண்டீரா?"

பெஞ்சிலிருந்து அந்த அம்மா பேசினார். வீட்டில் காபி ஆறிப்போச்சு என்று சொல்கிற அதே சாதாரணக் குரல்.

"நீங்க நித்தியம் கோர்ட்ல நின்னுண்டு என்ன சொல்றேள்? சந்தேகம் இருந்தா அதோட பலனை அவனுக்குக் குடுத்துடுங்கோன்னுதானே? திருடனுக்கும் கொலைகாரனுக்கும் வாங்கிக் குடுக்கறேள். எனக்கு மட்டும் கிடையாதா?"

வக்கீல் சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த அம்மா எழுந்து வெளியே போய் ஒரு டாக்சியை நிறுத்தினார். இவரும் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. நாயுடு அன்று சாயங்காலம் வரை தெலுங்கில் திட்டினார். நடுவில் தமிழுக்கு வந்தது எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. கேஸ் தோற்றால் உன் வீட்டுத் திண்டாட்டத்தைப் பார்க்க நான் வர மாட்டேன் என்றார். நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன். வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கடையின் பக்கத்துச் சந்தில் வாரக்கணக்கில் நின்றது. முதலாளி தினமும் காலையில் கடையைத் திறக்கும்போது தார்ப்பாயைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு என்னைப் பார்த்து இன்னொன்று. வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. பெண்டாட்டி என்ன உடம்புக்கு என்று கேட்டதற்கு வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வண்டியில் மகாபலிபுரத்துக்குப் போகாத ஒருத்தருக்காக நான் எதற்கு வேலையைப் பணயம் வைத்தேன் என்று நினைத்துப் பார்ப்பேன். விபத்து நடந்திருந்தால் நான் சொன்னது சரி என்றாகும். நடக்கவில்லையே. நாம் தடுத்தது என்றைக்கும் நடக்காது, அதனால் அதற்குச் சாட்சியும் கிடையாது. இந்தத் தொழிலில் இதுதான் பெரிய எரிச்சல். பழகிக்கொள்ளுங்கள்.

கோர்ட் திறந்த பிறகு ஒரு நாள் காலையில் வக்கீல் சார் வந்தார். கறுப்புக் கோட்டு கையில், வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை. கோர்ட்டுக்குப் போகிற வழி. நாயுடு எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

"பாய், அந்த டாக்சி டயரைக் காட்டுங்கோ."

காட்டினேன். முதலிலிருந்து எல்லாக் கேள்வியையும் திரும்பக் கேட்டார். எதற்கு இந்தச் சைஸ், மழையில் எப்படி, வளைவில் எப்படி. சத்தியமாக எல்லாவற்றையும், ஒன்றைக்கூட விடாமல். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் திரும்பப் பதில் சொன்னேன். கடைசியில், "பார்க்க லட்சணமா இல்லை. மாட்டுங்கோ" என்றார்.

மாட்டினோம். கழற்றிய நாலு டயரும் சந்தில் அடுக்கியிருந்தன. முதலாளிக்கு ஒரு யோசனை. வக்கீல் சாரின் மனதைக் குளிர வைக்க நினைத்தாரோ என்னவோ. "சார், வடபழனில சினிமாக்காரர் ஒருத்தர் இதே மாதிரி வண்டி வெச்சிருக்கார். இந்த டயரைப் பத்திக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். நல்ல வெலைக்கு எடுத்துப்பார்."

வக்கீல் சார் என்னைப் பார்த்தார். "வாங்கறவர்கிட்ட நீங்க என்ன சொல்லுவேள் பாய்?"

"உங்ககிட்ட சொன்னதைத்தான் சார்."

"சொன்னா வாங்க மாட்டார்."

"மாட்டார்."

"சொல்லாம வித்தா?"

நாயுடு பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். வக்கீல் சார் அந்த டயர்களைப் பார்த்தார். எத்தனை ஆசையாகத் தேடிப் பிடித்த டயர்கள். பிறகு கோட்டை நாற்காலியின் மேல் போட்டார். சட்டைக் கையை மடித்தார்.

"கத்தி இருக்கா?"

தணிகாசலம் டயர் அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்தான். நானே அறுக்கிறேன், என் சொத்து என்று வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். கத்தி ரப்பரில் இறங்கவில்லை. "தண்ணி தொட்டுக்கினு அறு சார், அப்பதான் போவும்" என்று தணிகாசலம் வாளியை நகர்த்தி வைத்தான். தண்ணீர் தொட்டுத் தொட்டு அறுத்தார். பக்கவாட்டில் ஒரு கோணல் கோடு. மூச்சு வாங்கியது. ஒரு டயரை முடித்துவிட்டு, மற்றதை நீ பண்ணு என்று கத்தியைத் தணிகாசலத்திடம் கொடுத்தார்.

பிறகு அறுபட்ட ஓரத்தை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மூக்கை அதன் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"பாருங்கோ பாய். உள்ளே எவ்வளவு நன்னா இருக்கு. ஒரு குத்தமும் இல்லை. நீங்க சொன்னது இன்னிவரைக்கும் நிரூபணம் ஆகலை."

"ஆகலை சார்."

சோப்பு கொடுத்தேன். தேய்த்தார், திரும்பத் தேய்த்தார். டயர் மை அவ்வளவு சுலபத்தில் போகாது. நேரமாகிவிட்டது என்று கையை உதறிக்கொண்டு அந்தச் சிவப்பு வண்டிக்குள் இறங்கினார். அன்று எங்கள் கேஸ் விசாரணைக்கு வந்தது. பத்து விரலும் கறுப்பாக அவர் எழுந்து நின்று வாதாடினார் என்று முதலாளி வந்து சொன்னார்.